ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்

ஊருக்கு ஒரு விதி வருகிறது என்றால், அது சட்டமாவதற்கு முன் சில நாட்கள் வரைவாகக் கிடக்கும். குடிமக்களின் சொல்லுக்கு எடை இருப்பது அந்தச் சில நாட்களில்தான். அரசிதழில் ஏறிய பிறகு நாம் எழுதுவதெல்லாம் புகார் மனு. சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெருக்களுக்கான குடியிருப்போர் நலச்சங்கத்தில் பல வருடம் செயலாளராகவும் பிறகு உறுப்பினராகவும் இருந்து நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். வரைவைப் படித்து, கூடிப் பேசி, நிலைப்பாடு எடுத்து, எழுத்தில் கொடுக்கும் பழக்கம் அன்றைக்கு எங்களிடம் இருந்தது. இன்றைக்கு அதற்கான சட்டமும் வசதியும் பெருகியிருக்கின்றன, பழக்கம் தேய்ந்துவிட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

தொண்ணூறுகளில் நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சிக்குள் இருந்தது. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லாரி உறிஞ்சிய கழிவு எங்காவது ஒரு தாழ்வான காலி மனையிலோ மழைநீர்க் கால்வாயிலோ போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் டேங்க் பொங்கித் தெருவில் ஓடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டிப் போவார்கள். எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம். யார் தீர்ப்பது என்பதுதான் தெரியாது.

1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டம் முன்வைக்கப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். ஒரு நகராட்சி தனியாகத் தூக்கக்கூடிய சுமை அல்ல அது. கடனும் மானியமும் போக, ஒரு பங்கை மக்களே வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும் என்றார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய். இணைப்பு கொடுத்த பிறகு மாதக் கட்டணம் தனி. அன்றைக்குப் பல வீடுகளில் 5,000 ரூபாய் என்பது ஒரு மாதச் சம்பளம். குழி தோண்டுவதற்கு முன்பே அதைக் கட்டச் சொன்னார்கள்.

நகராட்சி செய்த சரியான காரியம், முடிவெடுத்துவிட்டு அறிவிக்காமல், நலச்சங்கங்களை அழைத்துக் கணக்கோடு பேசியது. நாங்கள் அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துத் தெருவுக்கு இரண்டு பிரதி கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் பொதுக்குழு. ஜமுக்காளம் விரித்து, நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் நீல அட்டை போட்ட மினிட்ஸ் நோட்டு. தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர், எதிர்ப்பின் காரணம் என்று கட்டம் போட்டு வைத்திருப்போம். எதிர்த்தவரின் காரணத்துக்கென்று தனிக் கட்டம் இருந்ததுதான் அந்த நோட்டின் பெருமை.

தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, "பணத்த வாங்கிண்டு குழாயே போடலேன்னா யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது?" என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "லாரிக்கு வருஷா வருஷம் கொடுக்கறத கூட்டிப் பாருங்கோ மாமா. அஞ்சாயிரம் எத்தனை வருஷத்துல திரும்பும்னு தெரியும்" என்றார். இரண்டும் நியாயமான பேச்சு. இரண்டையும் எழுதிக்கொண்டோம். கடைசியில் நாங்கள் எடுத்த நிலைப்பாடு, திட்டத்தை ஆதரிக்கிறோம், நான்கு நிபந்தனைகளோடு என்பது. வைப்புத்தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். முடியாதவர்களுக்குத் தவணை தர வேண்டும். எந்தத் தெருவில் எப்போது வேலை என்று அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். குடிசைப் பகுதிகளை விட்டுவிட்டுத் திட்டம் போகக் கூடாது.

ஆலந்தூர் முழுக்க இப்படிப் பல சங்கங்கள் பேசின, கேட்டன, பிறகு வீடு வீடாகப் போய் அண்டை வீட்டாரைக் கட்ட வைத்தன. 2000-இல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் கட்டி, இயக்கி, பிறகு ஒப்படைக்கும் முறையில் பெருங்குடியில் அமைத்தார்கள். மக்கள் பணம் போட்டு வந்த பாதாளச் சாக்கடை என்று நாடு முழுவதும் நகர நிர்வாகம் படிப்பவர்கள் ஆலந்தூரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்த எடுத்துக்காட்டுக்குப் பின்னால் எத்தனையோ மொட்டை மாடிக் கூட்டங்கள் இருந்தன. நம்பிக்கை வந்த பிறகு மக்கள் பணம் கட்டினார்கள். அந்த நம்பிக்கை, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததால் வந்தது.

2003-இல் வேறு மாதிரியான சோதனை. கடும் வறட்சி. ஜூலையில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் இறுதிக்குள் முடிக்க வேண்டும்; தவறினால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க அதிகாரம் உண்டு என்றது. அவசரச் சட்டத்துக்கு முன்கூட்டிய கருத்துக் கேட்பு கிடையாது. "அப்போ நாம எழுதி என்ன பிரயோஜனம்?" என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. ஆனால் அவசரச் சட்டமும் பிறகு சட்டமன்றத்துக்கு மசோதாவாக வந்துதான் ஆக வேண்டும். அதற்குள் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் பக்கம் சில தெருக்களில் பத்தடிக்குள் பாறை தட்டும், சில தெருக்களில் களிமண். ஒரே அளவுக் குழியை எல்லாருக்கும் சொன்னால் சில வீடுகளில் தண்ணீர் இறங்காமல் அஸ்திவாரத்தோரம் நிற்கும். கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், எங்கே கிணற்றில் விடலாம், எங்கே கசிவுக் குழி போதும், எங்கே குழிக்குள் துளை போட்டு ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று பட்டியல் எடுத்தோம். அடியில் பெரிய கருங்கல் ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், மேலே ஆற்று மணல். அந்த மணல் அடுக்கைத்தான் வருடம் ஒருமுறை எடுத்து அலச வேண்டும், இல்லாவிட்டால் குழி வெறும் தொட்டி என்று கொத்தனார் சொன்னார். அதை அப்படியே எழுதினோம். சட்டம் அமைப்பை மட்டும் கேட்கிறது, பராமரிப்பையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் மனுவின் முக்கியமான வரி.

விதியை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். சென்னையின் நிலத்தடி நீரை ஒரு சட்டம் உயர்த்தியது என்றால் அது அந்தச் சட்டம்தான். ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே குடத்தோடு நின்றபோது, எங்கள் தெருக் குழிகளைத் திறந்து பார்த்தோம். பல வீடுகளில் மணல் கெட்டித்து சிமெண்ட் தரைபோல் கிடந்தது. கட்டியதற்குச் சான்றிதழ் இருந்தது, பராமரித்ததாக ஒரு பதிவும் இல்லை. கொத்தனார் சொன்ன வரி விதியில் இருந்திருந்தால் அந்தக் கோடை இத்தனை கொடுமையாக இருந்திருக்காது.

2011 அக்டோபரில் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டர் மாநகரம் 426 ஆனது, வார்டுகள் 200. நாங்கள் 12-ஆவது மண்டலம் ஆனோம். பெரிய நகரத்தின் நிதியும் இயந்திரங்களும் வந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் சைக்கிளில் போய் நகராட்சிக் கூடத்தில் கேட்டுவிட்டு வரும் தூரத்தில் இருந்த முடிவுகள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய்விட்டன. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கும் மேலாக எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை. தீர்மானங்களை அதிகாரிகளே நிறைவேற்றினார்கள்.

குப்பைக் கட்டணம் வந்தது அந்தக் காலத்தில்தான். மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், சேவைக்குப் பயனாளர் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்றன. சென்னைக்கான துணைவிதிகள் 2019-இல் வந்தன. 2020 டிசம்பரில், வரும் ஜனவரியிலிருந்து சொத்துவரியோடு சேர்த்துக் குப்பைக் கட்டணம் என்ற அறிவிப்பு வெளியானதும் நகரமே கொதித்தது. எதிர்ப்பு வலுத்து, வசூல் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் தெருவில் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. துணைவிதி வரைவாக இருந்தபோது அதைப் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு. அப்போதே உட்கார்ந்து, தரம் பிரித்துத் தரும் வீட்டுக்குக் கட்டணம் குறைவு, பிரிக்காத வீட்டுக்கு அதிகம், தூய்மைப் பணியாளரின் கூலிக்கு இதிலிருந்து இவ்வளவு என்று எழுதியிருக்கலாம். கட்டணம் நின்றது. கலந்த குப்பையை வெறுங்கையால் கிளறிப் பிரிக்கும் பணியாளரின் வேலை நிற்கவில்லை. எதிர்ப்பு ஒன்றை நிறுத்தும். வேறு ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் மாற்று யோசனை வேண்டும்.

2022 ஏப்ரலில் சொத்துவரி பொதுச்சீராய்வு அறிவிக்கப்பட்டது. பழைய சென்னைப் பகுதியில் வீடுகளுக்கு 50 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. எங்களைப் போல் இணைந்த பகுதிகளுக்கு 600 சதுர அடிக்குள் 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 15-ஆவது நிதிக்குழுவின் மானிய நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. ஆட்சேபனை தெரிவிக்க முப்பது நாள் கொடுத்தார்கள். முப்பது நாள் என்பது சிறிய அவகாசமல்ல. ஒரு சங்கம் இரண்டு கூட்டம் போட்டு, வரி ரசீதுகளை ஒப்பிட்டு, மனு எழுதப் போதும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த முப்பது நாளும் செய்திகள் மழையாகப் பொழிந்தன. கோபம், கார்ட்டூன், யாரோ எழுதி யாரோ அனுப்பிய மனு மாதிரி. அந்த மாதிரியில் பழைய சென்னைப் பகுதியின் சதவீதங்கள் இருந்தன. எங்களுக்குப் பொருந்தாத எண்களை எதிர்த்து எங்கள் தெருவில் பலர் கையெழுத்துப் போட்டார்கள். நாலைந்து பேர் மட்டும் உட்கார்ந்து தனியாக எழுதினோம். பல வருடம் உயராத வரி உயர்வதை ஏற்கிறோம். ஒரே தாவலில் வேண்டாம், ஆண்டுகளுக்குப் பிரித்துக் கூட்டுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் மூத்தவர்களுக்குச் சலுகை கொடுங்கள். உயர்ந்த வரியில் எவ்வளவு எங்கள் மண்டலத்துக்குத் திரும்புகிறது என்று வருடாவருடம் வெளியிடுங்கள். கடைசி வரி எனக்கு மிக முக்கியமானது. கொடுப்பதற்குத் தயாராக இருக்கும் குடிமகனுக்குத்தான் கணக்குக் கேட்கும் குரல் வலுவாக வரும். ஆலந்தூரில் 5,000 ரூபாய் கட்டியவர்களிடம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

நிலைப்பாடு எடுக்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அந்த நிலைப்பாட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. நலச்சங்கம் என்றால் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் ஆண்கள், அதிலும் ஓய்வுபெற்றவர்கள். வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வருபவர், தெருமுனையில் வியாபாரம் செய்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் இடம் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

விற்பனை மண்டலங்கள் பற்றிப் பேச எங்கள் சங்கம் கூடியபோது, "குடியிருப்புத் தெருக்களில் தள்ளுவண்டி கூடாது" என்று ஒரு தீர்மானம் தயாராக இருந்தது. ஆஞ்சநேயர் கோயில் பக்கம் பூ விற்கும் அம்மாவை ஒரு உறுப்பினர் கையோடு அழைத்து வந்திருந்தார். மடியில் கூடை, கையில் பாதி கட்டிய சரம். பேசச் சொன்னதும் விரல் நிற்காமலே சொன்னார்: "நான் குந்துற எடத்தப் பத்தி எழுதுறீங்க சார். எங்க குந்துனா உங்களுக்கு எடைஞ்சல் இல்லைன்னு ஒருத்தர் சொன்னீங்கன்னா நான் அங்க போய் குந்திக்குவேன். இங்க குந்தாதன்னு மட்டும்தான் இத்தினி வருஷமா கேட்டுக்கினு கிறேன்."

கூட்டம் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர் வீட்டுக்குப் போய் டேப் எடுத்து வந்தார். மறுநாள் காலை அந்தத் தெருவை அளந்தோம். நடப்பவர்களுக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸ் நுழைய இவ்வளவு, மீதியில் எத்தனை கூடை, எத்தனை வண்டி என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம். இடம் இருந்தது. தீர்மானத்தை மாற்றி, இடத்தைக் குறித்து, வரைபடத்தோடு கொடுத்தோம். எங்கள் சங்கம் எழுதியவற்றில் நான் மிகவும் மதிக்கும் தாள் அதுதான். அதில் "கூடாது" என்று ஒரு வரிகூட இல்லை.

இன்றைய நிலைமையைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2-ஆக உயர்த்தின. ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று எட்டுக் குடும்பம். வீட்டுத் தேவை இருக்கும் நகரத்தில் அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நாங்கள் பணம் கட்டிப் போட்ட குழாய், அன்றைய ஜனத்தொகைக்குக் கணக்கிட்டது. புதுக் குடும்பங்களின் கழிவு எந்தக் குழாயில் போகும் என்ற கேள்வியை அந்த விதியின் வரைவுக்கு எத்தனை சங்கங்கள் அனுப்பின? இப்போது மேன்ஹோல் பொங்கும்போது புகார் எண்ணுக்குப் போன் செய்கிறோம். ஒரு விதி தெருவை மாற்றி முடித்த பிறகு அதன் விளைவை ஒவ்வொரு வீடாகப் புகார் செய்துகொண்டிருக்கிறோம்.

கிராமத்துக்கு அரசமைப்புச் சட்டமே கிராம சபையைக் கொடுத்திருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று கூடுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். நகரத்து மனிதனுக்கு அப்படி ஒரு சபை வரப் பல காலம் ஆயிற்று. 2022-இல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, நகரங்களில் பகுதி சபைகள் கூடின. 1998-இல் இயற்றி நெடுங்காலம் நிறுத்திவைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. மொட்டை மாடிக் காலத்தில் இவற்றில் ஒன்றுகூட எங்களுக்கு இல்லை.

நான் போன பகுதி சபைகளில் பேச்செல்லாம் தெருவிளக்கு, நாய், பள்ளம் என்றே போயிற்று. அவையும் வேண்டியவைதான். ஆனால் மாமன்றத்தில் அடுத்து என்ன தீர்மானம் வருகிறது, அதில் நம் பகுதியின் கருத்து என்ன என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பகுதியின் பிரதிநிதியை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கேயே எழ வேண்டும். நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

அரசின் பக்கத்திலும் கடமை இருக்கிறது. சாதாரண மனிதனின் வாசலை மாற்றும் விதி, அவன் படிக்கும் தமிழில், அவன் வார்டு அலுவலகத்தின் பலகையில், போதுமான அவகாசத்தோடு இருக்க வேண்டும். வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கமாவது பதில் எழுத வேண்டும். பதில் வராத இடத்துக்கு இரண்டாவது முறை யாரும் எழுத மாட்டார்கள். மக்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று அதன் பிறகு சொல்வது நியாயமல்ல.

ஆனாலும் அரசு மாறட்டும் என்று சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வரைவு வெளியாகும்போது உங்கள் தெருவில் இரண்டு பேராவது அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படியுங்கள். உங்கள் பகுதிக்கு எந்த எண் பொருந்தும் என்று பாருங்கள். கூட்டம் போடுங்கள், வாடகைக்காரரையும் பூக்காரம்மாவையும் உட்கார வையுங்கள். எதிர்த்தவரின் காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எதை ஏற்கிறோம், எதை மாற்ற வேண்டும், மாற்றாக என்ன என்று மூன்று பகுதியாக மனுவைத் தயார் செய்யுங்கள். நாள் முடிவதற்குள் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஊரின் விதியில் உங்கள் தெருவின் சொல் இடம்பெற வேறு குறுக்கு வழி கிடையாது.